பொட்டு வைத்த பேட்டரி

மாலை ஆறே முக்கால். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் மலைப்பாதையில் முப்பத்தெட்டாம் வளைவு. மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. ரோட்டை மறைத்துப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை... பின்னாலும் இல்லை.

அங்கேதான் சசிதரனின் கார் அணைந்தது.

இருங்கள், முதலிலிருந்தே சொல்கிறேன். நம் பஸ்ஸுக்கு முன்னால் விழுந்த மரத்தை அறுத்து எடுக்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். பஸ் லைட்டையும் அணைத்துவிட்டார், பேட்டரி இறங்கிவிடுமாம். பின் சீட்டுச் செங்கோடன் அண்ணா, நீங்கள்தானே சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்?

"அட, பயப்படாதீங்க. புது பேட்டரிதான். வாரண்டி இருக்குதில்ல?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் வாயைத் திறந்தேன். ஜன்னலை இறக்கிவிட்டு எல்லோரும் முன் சீட்டுக்கு வாருங்கள். கத்திப் பேச எனக்குத் தொண்டை இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் தாமரைச்செல்வி. மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களுக்குக் கிராம நர்ஸ். ஒன்பது வருடமாக இதே பஸ்ஸில் ஏறி இறங்குகிறேன். சசிதரன் என் தோழி கவிதாவின் அண்ணன். நாமக்கல்லில் ஒரு பேட்டரிக் கடையில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன். தோழியின் அண்ணனை அவன் இவன் என்று பேசலாமா என்று கேட்காதீர்கள். மரியாதை கொடுக்க எனக்கு மனது வரவில்லை. நர்ஸ் பேய்க் கதை சொல்கிறாளே என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

சின்னுசாமி என்று ஒருவர். எங்கள் பக்கத்து விவசாயி. கொஞ்சம் மிளகுக்கொடி, நாலு பலா மரம், ஒரு துண்டு மரவள்ளி. அவர் மனைவி அத்தாயி. முதல் பிரசவத்தில் நேரத்துக்கு வண்டி கிடைக்காமல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து அத்தாயி மறுபடி உண்டானாள். அந்த வருட மிளகு மொத்தத்தையும் விற்று ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினார் சின்னுசாமி. எதற்கு என்று கேட்டேன்.

"வலி வந்தா இவளை ஏத்திக்கிட்டுக் கீழ போகோணும் நர்ஸம்மா. அதுக்குத்தான். வேற ஒண்ணுக்கும் இல்லீங்க."

மலைமேல் பார்க்க முடியாது, கீழே பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று டாக்டரும் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். எழுபது வளைவு இறங்க வேண்டும். பழைய பேட்டரியை நம்பி இறங்க முடியாது என்று சின்னுசாமி புது பேட்டரி வாங்கப் போனது சசிதரன் இருந்த கடைக்கு. முப்பத்தாறு மாதம் வாரண்டி. அட்டையில் பெயர் எழுதினான், தேதி எழுதினான், சீல் குத்தினான். பேட்டரியின் நம்பர் எழுத வேண்டிய கோட்டைக் காலியாக விட்டுவிட்டான். சாப்பாட்டு நேரமாம், பசியாம். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நம்பரை எழுத வேண்டியது கடைக்காரன் வேலை.

எங்கள் மலையில் புதிதாக எது வாங்கினாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். மண்வெட்டிக்கு வைப்பார்கள், தையல் மிஷினுக்கு வைப்பார்கள். நான் புதிதாகக் கொண்டுபோன எடை மிஷினுக்குக்கூட வைத்துவிட்டார்கள். அத்தாயி பேட்டரிக்கு வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பழைய பொட்டை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, மஞ்சள் குழைத்துப் புதிதாக வைப்பாள். கறுப்புப் பெட்டியில் வெள்ளையாக இருந்தது ஒரே ஒரு ஸ்டிக்கர்தான். பொட்டு எடுப்பாகத் தெரியட்டும் என்று அதிலேயே வைத்தாள். ஐந்து மாதத்தில் ஸ்டிக்கரில் அச்சடித்திருந்த நம்பர் மொத்தமாகப் போய்விட்டது. நானும் இரண்டு தடவை நின்று பார்த்திருக்கிறேன். எனக்கும் அது உறைக்கவில்லை.

ஐந்தாவது மாதம் பேட்டரி படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக்... டிக்... டிக். அவ்வளவுதான். மேட்டில் நிறுத்தி, உருட்டிவிட்டு, கியரைப் போட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய முடிந்தது. அப்படி உருட்டி ஓட்டுவது மலைக்காரர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு யார் அதை நம்புவார்கள்?

பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு இதே பஸ்ஸில் ஏறினார். இதோ, இந்தக் கதவு ஓரத்தில்தான் நின்றார். பஸ் வளைவுகளில் சாய்ந்ததில் ஆசிட் கசிந்து சட்டை முதுகில் ஓட்டை. புளித்த வாடை பஸ் முழுக்க. கண்டக்டர் திட்டினார்.

முதல் தடவை போனபோது, கம்பெனி ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று சசிதரன் திருப்பி அனுப்பினான். செவ்வாய்க்கிழமை போனார். இரண்டு நாள் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். திரும்பப் போனபோது, "டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லாத்தான் இருக்குது" என்று சார்ஜ் போட்டுக் கொடுத்துவிட்டான். நாலாம் நாள் மறுபடி டிக் டிக். நாலாவது தடவை போனபோதுதான் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நம்பர் இல்லியே. சுரண்டி எடுத்திருக்கீங்க. இது எங்க பேட்டரின்னு எப்படி நம்பறது? வாரண்டி கெடையாது."

"சுரண்டலீங்க சார். ஊட்டுல பொட்டு வெச்சாங்க. அட்டையில உங்க சீல் இருக்குதுங்களே."

"அட்டையிலயும் நம்பர் இல்லியே."

கேட்டீர்களா நியாயத்தை! எழுதாமல் விட்டது யார்? கம்ப்யூட்டரில் தேதியைப் போட்டுத் தேடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பில்லும் நம்பரும் வந்திருக்கும். இதை அவனே பின்னால் தங்கச்சியிடம் ஒத்துக்கொண்டான். "மேல எவன் எந்திரிச்சுத் தேடறதுன்னு விட்டுட்டேன்" என்றானாம். உட்கார்ந்த இடத்தில் தேடுவதற்கு எதற்கடா எந்திரிக்க வேண்டும்?

கடை வாசலில் நின்று கம்பெனி நம்பருக்குப் போன் போட்டார் சின்னுசாமி. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, பாட்டு. இருபது நிமிடம் பாட்டுக் கேட்டார். கட்டாகிவிட்டது.

கடைசித் தடவை அத்தாயியையும் கூட்டிக்கொண்டு போனார். என் பொண்டாட்டியின் வயிற்றைப் பார்த்தாவது இரங்குவார்கள் என்று நினைத்திருப்பார். ஒன்பது மாத வயிறு. ஏசி போட்ட கடை, சோபா வேறு. ஒரு நாய் அவளை உட்கார் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள்! அடுத்த வாரம் பரிசோதனைக்கு வந்தபோது அவள் கால் வீங்கியிருந்ததை நான் என் கையால் அழுத்திப் பார்த்தேன்.

"நான்தான் அழிச்சேன் சார். எனக்குத் தெரியாதுங்க. அவரு மேல தப்பில்லீங்க" என்று அத்தாயி கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். "இதப் பத்திப் பேச இங்க ஆள் இல்லம்மா. வேணும்னா புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான் சசிதரன்.

"வேற கடையில ஒண்ணு வாங்கியிருக்கலாமில்லீங்க?"

நீங்கள் கேட்பது சரிதான் பெருமாயி அக்கா, வாங்கியிருக்கலாம். பலா முடிந்து, மிளகு இன்னும் பழுக்காத நேரம். கையில் என்ன இருக்கும்? பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

தேதிக்கு இருபது நாள் முன்பே வலி வந்துவிட்டது. ஐப்பசி மாதம். விடாத மழையில் போன் டவர் இல்லை, 108-க்குச் சொல்ல வழியில்லை. நான் அன்றைக்கு அரியூர் நாட்டுப் பக்கம் மருத்துவ முகாமில் இருந்தேன். சின்னுசாமி அவளை வேனில் பின்னால் படுக்க வைத்து, உருட்டி ஸ்டார்ட் செய்து இறங்கிவிட்டார். முப்பத்தெட்டாம் வளைவு வரை நல்லபடியாகத்தான் வந்தார். அங்கே கீழிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. அதற்கு வழிவிட ஒதுங்கினார். வேனின் மூக்கு தடுப்புச் சுவரில் போய் நின்றது. என்ஜின் அணைந்தது. லாரிக்காரன் ஒன்றும் தெரியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

முன்னால் உருட்டச் சுவர். பின்னால் எடுக்க என்ஜின் வேண்டும். டிக்... டிக்... டிக்.

இறங்கி முன்னால் நின்று தனியாளாகத் தள்ளியிருக்கிறார். மேட்டில் வேனைப் பின்னுக்குத் தள்ள ஒரு ஆளால் முடியுமா? கீழே மண் சரிந்து செக்போஸ்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அந்த லாரிக்கு அப்புறம் ஒரு வண்டி வரவில்லை. இரண்டரை மணி நேரம். ஒன்பது மணிக்கு ஜீப் ஒன்று வந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

நான் கவிதாவிடம் சொல்லி அழுதேன். அவள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"பாவம்தான். ஆனா நம்பர் இல்லாம நாங்க என்ன பண்ண முடியும்?"

நாக்கில் நரம்பில்லாமல் சொன்னான். அதைச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மலைமேல் செம்மேட்டில் ஒரு லாட்ஜுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி மாட்டிவிட்டுத் தன் காரில் தனியாக இறங்கிக்கொண்டிருந்தான். சொந்தக் காருக்கு உசத்தியான பேட்டரி போட்டிருந்தான். அதன் வாரண்டி அட்டையில் நம்பரை மட்டும் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தானாம்.

ஆறே முக்கால். முப்பத்தெட்டாம் வளைவு. கார் அணைந்தது.

முன் விளக்கு போனது. உள்ளே இருந்த சின்ன விளக்குகளும் போயின. பிரேக்கை மிதித்து, கை பிரேக்கை இழுத்து நிறுத்தினான். சாவியைத் திருப்பினான்.

டிக்... டிக்... டிக்.

மூன்றாவது தடவை திருப்பப் போனபோது வாடை வந்தது. புளித்த ஆசிட் வாடை. அதோடு கலந்து பச்சை மஞ்சள் வாடை. தன் காரில் ஏதோ கசிகிறது என்று நினைத்துக் குனிந்தானாம்.

பின் கதவு திறந்தது.

காற்றில் திறந்த மாதிரி இல்லை. கைப்பிடியை இழுக்கிற சத்தம்... அப்புறம் கதவு. ஈரக் காற்று கழுத்தில் பட்டது. கார் பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. கனமான ஆள் ஒருவர் ஒரு கையைச் சீட்டில் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, முதலில் ஒரு காலை வைத்து... அப்புறம் இன்னொரு காலை. கதவு சாத்திக்கொண்டது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தான், ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது.

"போலாமுங்க சார்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். கடையில் எப்படிப் பேசினாளோ அதே மரியாதையோடு.

கை பிரேக் தானாக இறங்கியது. கார் உருண்டது. என்ஜின் இல்லை, விளக்கு இல்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் இறங்காது. முப்பத்தெட்டு வளைவு! எழுந்து நின்று மிதிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்துக்கொண்டு, சாமி சாமி என்று கதறிக்கொண்டே இறங்கியிருக்கிறான்.

பின்னால் மூச்சு. அந்த மூச்சை அவன் கவிதாவிடமும் என்னிடமும் செய்து காட்டினான். நீளமாக இழுத்து... பல்லைக் கடித்து... விட்டுவிட்டு... அப்புறம் கொஞ்சம் அமைதி. மறுபடி. நூற்றுக்கணக்கான பிரசவம் பார்த்தவள் நான். அது வலி வந்து போகிற கணக்கு. முதலில் மூன்று வளைவுக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு வளைவுக்கு ஒரு தடவை, அப்புறம் வளைவுக்கு வளைவு. கல்யாணமே ஆகாத அவனுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

பதினோராம் வளைவில் ஒரு கத்தல். கார் கண்ணாடி அதிர்ந்ததாம். அப்புறம் சத்தமே இல்லை.

"அப்பறம் ரெண்டு மூச்சு கேட்டுச்சு தாமரை. ஒண்ணு பெருசு. ஒண்ணு சின்னது, பூனைக்குட்டி மூச்சாட்டம். மூணாம் வளைவு வரைக்கும் ரெண்டும் கேட்டுச்சு. அப்பறம்..."

"அப்பறம்?"

"சின்னது மட்டும்தான்."

காரவள்ளி விளக்கு தெரிந்ததும் கார் தானாக ஸ்டார்ட் ஆனது. விளக்குகள் எரிந்தன. செக்போஸ்டில் இறங்கிப் பின் கதவைத் திறந்து பார்த்தான். சீட் காலி. ஒரு துளி ஈரம் இல்லை. வாடையும் இல்லை.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடியிருக்கிறான். நம்பர் வந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாற்று பேட்டரிக்கு எழுதி, கம்பெனி ஆளிடம் கையெழுத்து வாங்கி, ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. அத்தாயி நின்ற ஒரு மணி நேரத்தில் இதைப் பத்து தடவை செய்திருக்கலாம். படுபாவி.

காரில் ஏறப் பயந்து, புது பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வளப்பூர் வந்தான். நான்தான் வீட்டைக் காட்டினேன். சின்னுசாமி வாசலில் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். இவன் அட்டையோடு பேட்டரியை அவர் காலடியில் இறக்கி வைத்தான்.

"மாத்திக் குடுத்துட்டாங்கண்ணா. நம்பர் கெடைச்சிருச்சு."

சின்னுசாமி குச்சிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அடிப்பார் என்று நான் நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

"வேனை அப்பவே இரும்புக் கடைக்குப் போட்டுட்டனுங்க. இத வெச்சு நான் என்னங்க சார் பண்றது?"

சொல்லிவிட்டு மறுபடி குச்சி கட்ட உட்கார்ந்துவிட்டார். இவன் அதைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ பயத்தில் உளறினான் என்று நானும் விட்டிருப்பேன். அடுத்த வாரம் கார் கழுவும்போது பின் கதவுக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு தடம் இருந்தது. உள்பக்கம். கைத்தடம். ஐந்து விரலும் சேர்த்து ஒரு எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. பிறந்த குழந்தையின் கை எந்த அளவு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோப்புப் போட்டுத் துடைத்தான். கண்ணாடியையே மாற்றினான். புதுக் கண்ணாடியில் மூன்றாம் நாள் வந்துவிட்டது. காரை விற்றான். வாங்கியவர் ஒரே வாரத்தில் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்துக் கவிதா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். தடம் ஆறு மாதக் குழந்தையின் கை அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கை இன்னும் பெரிதாகி, கண்ணாடியில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. எழுந்து நிற்கப் பழகுகிற குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கிற உயரம். பக்கத்தில் நின்று சசிதரன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். மந்திரிக்க ஆள் இருந்தால் சொல்லு என்றான்.

"என்னடா பண்ணச் சொல்றே? வளரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நர்ஸ் பேசுகிற பேச்சா என்று கவிதா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். பிறந்த பிள்ளை எங்காவது ஒரு இடத்தில் வளர வேண்டாமா?

வருகிற ஐப்பசியோடு இரண்டு வருடம். நேற்று கவிதாவே போன் செய்தாள். கண்ணாடியில் இப்போது தடம் இல்லையாம். கதவைத் திறக்கிற உள்பக்கக் கைப்பிடிக்கு வந்துவிட்டதாம். மேலே நாலு விரல்... அடியில் கட்டைவிரல்.